மாமாவின் போர்டும் மூன்று ஃபேஸும்

2008 மே 11, ஞாயிறு, காலை பத்து நாற்பது. அரியலூரில் வானம் வெளுத்துக் கிடந்தது. ஓர் இலை அசையவில்லை. காலையிலிருந்து ஒன்பது சுண்ணாம்புக்கல் லாரிகள் தெருமுனையைக் கடந்திருந்தன. எனக்குப் பத்து வயது. எதையாவது எண்ணிக்கொண்டோ எதற்காவது பயந்துகொண்டோ இருந்ததால் அம்மா என்னைக் "கெழவா" என்றுதான் கூப்பிடுவாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் வீட்டு முன்னறையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்துவந்தார். இருந்தது ஒரே கம்ப்யூட்டர். ஒரு கல்யாணத்தை டிவிடியாக்க அது பதினான்கு மணி நேரம் முனகும். நடுவில் மின்வெட்டு வந்தால் மறுபடி முதலிலிருந்து. கல்லங்குறிச்சிப் பெண்வீட்டார் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார்கள். புதன்கிழமைக்குள் கிடைக்காவிட்டால் கேசட்டுகளை வாங்கிக்கொண்டு வேறு ஆளிடம் போய்விடுவார்களாம்.

ஆகவே மாமா திருச்சியிலிருந்து வேகமான பிராசசர் ஒன்று வாங்கிவந்து மாட்டினார். கம்ப்யூட்டருக்குள் ஃபேன் சுற்றியது, திரை வரவில்லை. போனில் கேட்டபோது கடைக்காரர் விளக்கினார்: உள்ளேயிருக்கும் மதர்போர்டு பழையது, இந்தப் பிராசசரை அதற்குத் தெரியாது, பழையதையே மாட்டி, போர்டை இயக்கும் பயாஸ் என்ற மென்பொருளைப் புதிதாக ஏற்றிவிட்டு, அப்புறம் மாற்ற வேண்டும். மாமா பிரவுசிங் சென்டருக்கு ஓடிப்போய் அதைப் பென்டிரைவில் இறக்கிவந்தார்.

"மாப்ள, இது போர்டுக்குள்ளயே எழுதுற எழுத்து. ஆறு நிமிஷம். நடுவுல ஒரு நொடி கரண்ட் நின்னாலும் போர்டு செத்துரும். யூபிஎஸ் பேட்டரியும் போயிருச்சு. மின்வெட்டு பன்னண்டு மணிக்குத்தான், இருந்தாலும் கரண்ட்ட நீ பாத்துக்க."

"நானா மாமா?"

"உன்னைய வுட்டா யாரு இருக்கா?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முதல் வேலையாக அம்மாவிடம் மிக்சி போடக் கூடாது என்றேன். "தொரை உத்தரவா? அப்ப மத்தியானம் கஞ்சிதான்," என்றாள். பிறகு மீட்டர் பெட்டிக்குக் கீழே ஸ்டூல் போட்டு ஏறி நின்றேன். எங்கள் வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு, அதாவது மூன்று தனித்தனி கம்பிகளில் கரண்ட் வரும். டியூப்லைட் மங்கினால் பெட்டியிலிருக்கும் திருகு சுவிட்சைத் திருப்பி அடுத்த ஃபேஸுக்கு மாற்றுவது வீட்டில் என் பொறுப்பு. அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை.

மாமா திரையைப் பார்த்து உரக்க வாசித்தார். "பத்து... இருவத்தாறு... நாப்பது..." ஒவ்வொரு எண்ணுக்கும் என் நெஞ்சு இரண்டு முறை அடித்தது. ஐம்பத்தொன்பதில் பக்கத்து வீட்டார் போர்வெல் மோட்டாரைப் போட்டார்கள். டியூப்லைட் மங்கியது. மின்விசிறி தள்ளாடியது. கரண்ட் போகப்போகிறது! திருகைப் பிடித்து ஒரே திருப்பு. விளக்கு அணைந்து, மறுகணமே பளிச்சென்று எரிந்தது.

"காப்பாத்திட்டேன் மாமா!"

திரை கறுத்திருந்தது. மாமா பட்டனை நான்கு முறை அழுத்தினார். ஃபேன் மட்டும் சுற்றியது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார், திருகின் மேலிருந்த என் கையைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதை நான் எண்ணவில்லை.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். "என்னப்பா, செத்துருச்சா?"

"கரண்ட் போயிட்டு வந்துருச்சு மச்சான்."

"பேசாம பெரம்பலூர்ல செல்போன் கடைக்கு வேலைக்குப் போடான்னேன், கேட்டியா?"

"நான் ஒடனே மாத்திட்டேம்ப்பா, கரண்டுதான் முந்திருச்சு!" என்றேன்.

"ஆமா மச்சான், மாப்ள நல்லாத்தான் நின்னான்," என்றார் மாமா. காவல் நின்றதற்காக எனக்கு ரோஸ்மில்க்கும் வாங்கிக் கொடுத்தார். நான் மாலைக்குள் தெருவில் ஏழு பேரிடம் நாட்டில் கரண்ட் இருக்கும் லட்சணத்தைத் திட்டித் தீர்த்தேன். புதன்கிழமை வந்தவர்கள் கேசட்டுகளை வாங்கிக்கொண்டு போனார்கள். மாமா வாசல்வரை போய் அனுப்பிவைத்தார்.

அந்தத் திருகு ஒரு ஃபேஸை விட்டு அடுத்ததைத் தொடும் முன் ஒரு கணம் எதையுமே தொடுவதில்லை என்பது கல்லூரிக்குப் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று கரண்ட் போகவே இல்லை. மாமாவுக்கு அது அப்போதே தெரியும். புது போர்டு 3,400, கைவிட்டுப் போன கல்யாணம் 2,500, ரோஸ்மில்க் 10. ஆகமொத்தம் 5,910 ரூபாய்.