டார்வர் கண்ணாடி துடைக்கும் நேரம்

மேடையில் கூட வாசிப்பவரைப் பிடிக்காமல் போனால் கிளியோஃபஸ் டார்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்க இரண்டு கையும் வேண்டும். அதனால் அவருடைய பேஸ், அந்த ஆளுயரத் தந்தி வாத்தியம், தோளில் சாய்ந்து சும்மா நிற்கும். அதன் ஒலி நின்றதும் தனியாக வாசிப்பவர் அந்தரத்தில் தொங்குவார். இருபது வருடமாக டெட்ராய்ட் ரசிகர்கள் ஒவ்வொரு கச்சேரியிலும் அதற்காகவே காத்திருந்தார்கள்.

பதினேழு வயதில் அலபாமாவிலிருந்து வந்தவர். பகலில் கார் ஆலையில் வெல்டிங், மாலையில் யார் யாருடைய குழுவிலோ வாசிப்பு. முப்பது வயதில் சொந்தமாக ஆறு பேர் ஜாஸ் குழு. அவர் விரல் தந்தியில் இருக்கும்வரை சுமாரான ஆளும் மேதைபோலத் தெரிவான். அதை நான் மறுக்க மாட்டேன்.

என் அப்பா ஹோரஸ் அந்தக் குழுவில் சாக்ஸஃபோன். அம்மாவுக்காக அவர் கட்டிய மெதுவான மெட்டுதான் குழுவுக்குப் பெயர் வாங்கித் தந்தது. இசைத்தட்டில் மெட்டமைத்தவர் என்று டார்வரின் பெயர் வந்தது.

"அடுத்த தடவ தட்டு போடும்போது உன் பேரப் போட்டுடுறேன்" என்றார் டார்வர்.

பிறகு அப்பாவுக்கு மேல்வரிசைப் பற்களை எடுத்துப் பல்செட் வைத்தார்கள். உதடு பழக ஆறு மாதமாகும். மூன்றாவது வாரமே, ஞாயிறு மதியக் கச்சேரியில், டார்வர் அந்த மெட்டையே அறிவித்தார்.

"கிளியோ, இன்னிக்கு இது மட்டும் வேணாம்யா," என்றார் அப்பா.

"உன் பாட்டுதானே? வாசி."

நான்காவது வரியில் காற்று பல்லிடுக்கில் சீழ்க்கையடித்தது. டார்வர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னப்பா ஹோரஸ், அடுப்புல கெட்டில் வெச்சிருக்கியா?" என்றார் மைக்கில்.

கூடம் அதிர்ந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. முன்வரிசையில் நானும் சிரித்தேன்.

சாக்ஸஃபோன் பெட்டியை மூடும்போது அப்பா ஒன்றுதான் கேட்டார். "குழுவுலேர்ந்து என்னை எடுத்துடு, பரவால்ல. பாட்டுல என் பேரையாவது போடு."

"போடுறேன்டா. மொதல்ல பல்லு முளைக்கட்டும்."

டார்வர் செத்தபோது, சர்ச்சில் வாசிக்கும் வாழ்க்கைக் குறிப்பை என்னிடம் எழுதச் சொன்னார்கள். எங்கள் தெருவில் காலேஜ் முடித்தவள் நான்தான். மெட்டு ஹோரஸுடையது என்று எழுதினேன். டார்வரின் மனைவி லூவெல்லா அத்தை அந்த வரியை அடித்தார்.

"சவப்பெட்டிய முன்னாடி வெச்சுக்கிட்டா, கண்ணு, இதச் சொல்லுவே?"

அழுதுகொண்டிருந்தார். விட்டுவிட்டேன். அது மரியாதையா, கோழைத்தனமா என்று இன்னும் தெரியவில்லை. "அவர் இயற்றிய புகழ்பெற்ற மெட்டு" என்று நானே வாசித்தேன். மூன்றாம் வரிசையிலிருந்து அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

போன வருடம் அந்தத் தட்டை மறுபடி வெளியிட்டார்கள். கடையில் அப்பா உறையைத் திருப்பி, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மெட்டுக்கு நேரே கிளியோஃபஸ் டார்வர் என்று மட்டும் இருந்தது.