தரகர் அமிர்தவள்ளியின் சொல்வளம்

ஆம்பூரில் கல்யாணத் தரகு பார்க்கும் அமிர்தவள்ளி இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. தோல் பதனிடும் கம்பெனியில் வேலை செய்யும் மாப்பிள்ளையை "லெதர் லைன்ல இருக்காரு" என்பாள். இரண்டும் ஒன்றுதான். ஆனால் தோல் என்றால் பெண் வீட்டாரின் கை தானாக மூக்குக்குப் போகும், லெதர் என்றால் "எக்ஸ்போர்ட்டா?" என்று நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். முப்பத்தாறு வயதுப் பெண் அவள் வாயில் "பக்குவமான பொண்ணு" ஆவாள். முன்கோபி, "மனசுல எதையும் வெச்சுக்க மாட்டான்."

ஊரும் லேசுப்பட்டதல்ல. "பக்குவம்னா இன்னா, நாப்பதா?" என்று வாலாஜாபேட்டையில் ஒருவர் கேட்டேவிட்டார். வயதை மறைக்கப் போய் நாலு கூடியதுதான் மிச்சம்.

அந்தச் சொல்வளத்துக்குச் சோதனை சொந்த வீட்டிலேயே வந்தது. மகள் சௌந்தர்யா ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். முதல் கல்யாணம் ஒரே வருடத்தில் கோர்ட்டில் முடிந்தது. அதற்குப் பிறகு எந்த போட்டோவையும் ஏறெடுத்துப் பார்க்காதவள், சத்துவாச்சாரி வசந்தின் போட்டோவை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. இது கைநழுவக் கூடாது என்று அமிர்தவள்ளி, "முன்ன ஒரு சின்ன விஷயம் நடந்துபோச்சு" என்று மட்டும் சொல்லியனுப்பினாள்.

ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் வசந்தின் அம்மா சவுரியம்மாள் பெண் பார்க்க வந்தாள். டீயைத் தொடவில்லை.

"சின்ன விஷயம்னீங்களே, இன்னா அது? போலீஸ் கேஸா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. ஒத்துவரலை, அவ்ளோதான்."

"இன்னா ஒத்துவரலை? ஒடம்பா? ஃபிட்ஸ் கிட்ஸ் வருதா?"

அமிர்தவள்ளி வார்த்தையை இளக்க இளக்க, எதிரே பயம் இறுகிக்கொண்டே போனது.

சமையலறை வாசலிலிருந்து சௌந்தர்யா சொன்னாள்: "டைவர்ஸ் ஆயிடுச்சு ஆன்ட்டி. குடிச்சிட்டு அடிச்சான். வந்துட்டேன்."

ஐந்து வருடமாக அந்த வீட்டுக்குள் யாரும் உச்சரிக்காத சொல். அமிர்தவள்ளி தரையைப் பார்த்தாள். சவுரியம்மாள் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள்.

"இதைச் சொல்றதுக்கு இன்னாம்மா இத்தினி சுத்து?"

கோபமா, நிம்மதியா, தெரியவில்லை. கிளம்பும்போது, "வீட்ல பேசிட்டு சொல்றோம்" என்றாள்.

அவள் தெருமுனை திரும்பியதும் சௌந்தர்யா கேட்டாள்: "பேசிட்டு சொல்றோம்னா இன்னாம்மா?"

எத்தனையோ வீடுகளில் கேட்ட கேள்வி. வேணாம்னு அர்த்தம், அடுத்த இடம் பார்க்கலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டே விளக்கிவிட்டு வந்தவள்தான் அமிர்தவள்ளி.

"பேசுவாங்க. பேசிட்டு சொல்வாங்க," என்றாள். "அதுல வேற இன்னாடி அர்த்தம் இருக்கு?"