இரண்டு முறை இருமும் பேய்

பேய்க்கதை என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். தமிழ், மலையாளம், இன்ன மொழியென்றே தெரியாதது என்று எல்லாப் பேய்ப்படமும் பார்ப்பேன். போடிக்குப் போகும்போதெல்லாம் பழைய திகில் நாவல்களைக் கட்டாக வாங்கி வருவேன். பிழைப்புக்கு ஜீப் ஓட்டுகிறேன். டூரிஸ்டுகள் மலையையும் தேயிலையையும் போட்டோ எடுக்கும் நேரத்தில் ஸ்டியரிங்கில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் பத்துப் பக்கம் தள்ளிவிடுவேன்.

இத்தனை வருடம் படித்ததில் எனக்கென்று சில கருத்துகள் சேர்ந்துவிட்டன. ரத்தம், தலைவிரிகோலம், கிரீச்சிடும் கதவு, இதெல்லாம் வந்தால் எனக்குக் கொட்டாவி வரும். பூட்டிக் கிடந்த வீட்டில் சோப்பு மட்டும் ஈரமாக இருந்தது என்று ஒருவன் எழுதினால் போதும், குளிக்கப் போக எனக்கு இரண்டு நாள் ஆகும். பேயைக் காட்டவே கூடாது. சின்னதாக ஒன்றைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மிச்சத்தைக் கேட்கிறவனே செய்துகொள்வான்.

என் மனைவி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். அவளுக்கு இதெல்லாம் சிரிப்பு. படம் பார்க்கும்போது, "அந்தப் புள்ளைக்கு சுவிச்சு கைக்கெட்டுற தூரத்துலதான இருக்கு, லைட்டப் போட்டா என்னவாம்?" என்று கேட்டு என் உயிரை வாங்குவாள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் கொச்சியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வியூ பாயிண்டில் மூடுபனியைத் தவிர வியூ ஒன்றுமில்லை. எல்லாருடைய முகமும் தொங்கிப் போயிருந்தது. திரும்பும் வழியில், ஆளில்லாமல் கிடக்கும் பழைய மேனேஜர் பங்களாவின் கேட்டருகே ஜீப்பை நிறுத்தினேன். முன்னொரு காலத்தில் கொழுந்துச் சாக்கோடு இந்தப் பக்கம் வந்த ஒரு பெண், தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்குத் திரும்பவே இல்லை என்றேன். யார் கண்ணுக்கும் படமாட்டாள், பனி இறங்கும்போது பின்னால் இரண்டு முறை இருமுவாள், அவ்வளவுதான் என்றேன். "சேட்டா, சத்யமாணோ?" என்றாள் பின்சீட்டிலிருந்த பெண். கொஞ்சமும் கூசாமல் ஆமாம், சத்தியம்தான் என்றேன்.

அதன்பிறகு எல்லாப் பயணத்திலும் அங்கே நிறுத்தினேன். மற்ற டிரைவர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஒரே மாதத்தில் கதை எங்கள் லயத்துக்கே வந்து சேர்ந்தது.

பங்களாவின் பின்பக்கமாகச் சுற்றி கேட்டருகே வந்து சேரும் ஒரு குறுக்குப்பாதை உண்டு. தேயிலைக் காட்டிலிருந்து அந்த வழியாக வந்தால் லயத்துக்குப் பத்தே நிமிடம். என் மனைவியோடு பறிக்கும் நான்கு பெண்களும் அதில் வரமாட்டோம் என்றுவிட்டார்கள். சுற்றுவழி யூக்கலித் தோப்பு வழியாகப் போகும் தார் ரோடு. அரை மணி நேரம் ஆகும், ஆனை நடமாட்டம் வேறு. பேய்க்குப் பயந்து ஆனை வழியில் போனார்கள்.

"ஒனக்குத்தான் அது பொய்யின்னு தெரியுமே, நீயாவது நேரா வரலாமே" என்றேன் மனைவியிடம்.

"நான் மட்டும் ஒத்தையில அந்த வழியா வந்தா, பேய்க்கு நான் கூட்டாளின்னு சொல்லுவாளுக" என்றாள்.

ஒரு சாயங்காலம் தோப்பு வளைவில் ஆனை நின்றிருக்கிறது. ஐந்து பேரும் சாக்கைப் போட்டுவிட்டு ஓடியதில் என் மனைவி ரோட்டோரக் கான் பள்ளத்தில் விழுந்து முட்டியைப் பலமாக இடித்துக்கொண்டாள். எலும்புக்கு ஒன்றுமில்லை, பதினைந்து நாள் கால் ஊன்றக்கூடாது என்றார் டாக்டர். நான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "நீங்கதான அந்தப் பேயக் கூட்டிட்டு வந்தீங்க, நீங்களே கொண்டுபோயி விட்டுட்டு வாங்க."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த ஆனை இன்னும் நாலடி எடுத்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே முடியவில்லை.

மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய் அந்த நான்கு பேரிடமும் உண்மையைச் சொன்னேன். பேயும் இல்லை, பிசாசும் இல்லை, எல்லாம் நான் கட்டிய கதை என்றேன். அவர்களில் மூத்தவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"நீ கட்டுனதா? என் ரெண்டு காதால கேட்டேன் தம்பி. மொத இருமலு தூரத்துல, ரெண்டாவது காதோரத்துல."

இது என் கதையில் இல்லாத சங்கதி. என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. அந்த நிலையிலும் உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது, மறைப்பானேன்.

பொய் என்றால் நம்ப மறுத்தவர்கள், நான் கேட்டில் உட்கார்ந்திருந்தால் வருவதாக ஒத்துக்கொண்டார்கள். ஆம்பளை இருந்தால் அது வராதாம். அதிலிருந்து தினமும் சாயங்காலச் சவாரியை விட்டுவிட்டு, கையில் ஒரு நாவலோடு பங்களா கேட்டில் உட்கார்ந்தேன். மனைவி கால் சரியாகி வேலைக்குத் திரும்பிய பிறகும் அதே வழக்கம். ஐந்து மணிவாக்கில் ஐவரும் பேசிக்கொண்டே வந்துவிடுவார்கள்.

ஒருநாள் ஐந்தரையாகியும் யாரையும் காணோம். லயத்தில் ஒரு வளைகாப்பு என்று மற்ற நான்கு பேரும் மதியமே போய்விட்டது எனக்குத் தெரியாது. பனி இறங்கி, பங்களாவின் ஓடு மறைந்து, சுவர் மறைந்தது. புத்தகத்தை மூடினேன்.

குறுக்குப்பாதையில் யாரோ இருமினார்கள். கொஞ்சம் விட்டு, மறுபடி ஒருமுறை.

அந்த இடத்தில் எதுவும் இல்லை என்று அடித்துச் சொல்லக்கூடியவன் நான். அந்த இருமலை உண்டாக்கியவனே நான்தான். எழுந்து ஓடினேன். மூச்சு வாங்கி நின்றபோதுதான் யூக்கலித் தோப்புப் பக்கம் வந்துவிட்டேன் என்று தெரிந்தது.

"ஏங்க, இருக்கீங்களா?" என்று பங்களாப் பக்கமிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

திரும்பி வந்தேன். நான் ஓடியது பனியில் அவளுக்குத் தெரிந்திருக்காது. கீழே கிடந்த புத்தகத்தை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க உக்காந்திருப்பீங்கன்னுதான் ஒத்தையில வந்தேன். பாதி வழியில எனக்கே பயமாப் போச்சுங்க. அதான் ரெண்டு தடவ இருமுனேன். பதிலுக்கு நீங்க இருமுவீங்கன்னு பாத்தேன்."

காதில் விழவில்லை என்றேன்.