நூற்றுக்கு நூறு வாங்கிய பக்கம்

கல்லூரியின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் ‘நூத்துக்கு நூறு’ என்ற பட்டப்பெயர்க்காரருக்கு மூளை கலங்கிவிட்டது என்பதுதான் அந்தப் பருவத்தின் தலைப்புச் செய்தி. திரையை அணைத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிறார், காதில் யாரோ வேகவேகமாகப் பேசுகிறார்கள், இவரும் தலையாட்டுகிறார் என்று வாசல் காவலாளி சொன்னார். அது நூலகம் போய்ச் சேர்வதற்குள் பெண் குரலாகிவிட்டது. கணக்குப் பிரிவில் அந்தப் பெண்ணுக்குத் தனி வீடே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

விசாரித்துப் பார்த்தால் வீட்டைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. திரை அணைந்துதான் கிடக்கிறது. குரலும் பெண் குரல்தான். ஒரு பெண் சம்பந்தப்பட்டிருப்பதும் நிஜம். அது அவருடைய அக்கா.

பட்டப்பெயர் வந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். கல்லூரியின் இணையதளத்தில் படிப்புகளின் பட்டியலைப் போடுவது அவர் வேலை. ஒவ்வொரு படிப்புக்கும் அட்டை மாதிரி ஒரு படம். பெயர், கட்டணம், தகுதி, கடைசித் தேதி எல்லாவற்றையும் படத்துக்குள்ளேயே வரைந்துவிடுவார், ஏனென்றால் இயக்குநருக்குப் பூப்போட்ட எழுத்து பிடிக்கும். கண்கொள்ளாக் காட்சி.

கண் உள்ளவர்களுக்கு, அவ்வளவுதான். பார்வையில்லாதவர்களின் போனில் திரையை வாசித்துக் காட்டும் குரல் ஒன்று உண்டு. படத்துக்குள் இருக்கும் எழுத்து அதற்குத் தெரியாது. படத்தோடு யாராவது ஒரு விளக்கத்தைச் சேர்த்து எழுதியிருந்தால் அதை வாசிக்கும். பட்டியல் உடற்குறை உள்ள எல்லாருக்கும் பயன்பட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது, கூடவே மதிப்பெண் போடும் மென்பொருள் ஒன்றும் வந்தது. அது இவருடைய பக்கத்தைப் பார்த்துச் சிவப்புச் சிவப்பாகக் கொட்டித் தீர்த்தது. ஒரு படத்துக்கும் விளக்கம் இல்லை.

“விளக்கம் இருக்கான்னுதான கேக்குது? என்ன விளக்கம்னு கேக்கலையே?” என்றார் இயக்குநர். சும்மாவா அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள்!

இவர் ‘மகிழ்ச்சியான மாணவர்கள்’ என்று ஒரே ஒரு தடவை தட்டெழுதி, எல்லாப் படங்களுக்கும் அதையே ஒட்டினார். சிவப்பு பச்சையாகிவிட்டது. அந்த மென்பொருளும் ஒருவகை அதிகாரிதானே. கதவு இருக்கிறதா என்று பார்க்கும், திறக்கிறதா என்று பார்க்காது. நூற்றுக்கு நூறு. கேடயம், கைத்தட்டல், ஆண்டறிக்கையில் புகைப்படம், எல்லாருக்கும் எட்டும் பட்டியல் இது என்று இவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ். பச்சையைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் இவரே அதை நம்பிவிட்டார்.

அக்கா தையல் கடை வைத்திருந்தவர். சர்க்கரை நோய் சத்தமில்லாமல் கண்ணைத் தின்றுவிட்டது. ஊசியில் நூல் கோக்க அடுத்தவரைக் கூப்பிட வேண்டி வந்த அன்றே கடையை மூடினார். ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டு வாங்காத பிறவி. அப்புறம் வானொலியே கதி. பேட்டிகளைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, “இந்த எடத்துல வெட்டி ஒட்டியிருக்கான், தையல் தெரியுது பாரு” என்பார். அப்படித்தான் ஒருநாள் தம்பிக்குப் போன் செய்தார்.

“உங்க காலேஜ்ல இந்த வெட்டி ஒட்டற வேலைய, ஒலித்தொகுப்புன்னு, சொல்லித் தராங்களாமேடா?”

“எல்லாம் சைட்ல இருக்குக்கா. கண்ணு தெரியாதவங்களுக்கும் சேத்துதான் பண்ணியிருக்கோம், நூத்துக்கு நூறு! நீயே போய்ப் பாரு.”

‘நீயே’ என்ற சொல் இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது.

சேர்க்கை முடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனார். “அப்ளிகேஷன் போட்டுட்டியாக்கா? ஒண்ணுமே சொல்லலையே நீ?”

அக்கா போனை எடுத்து விரலால் தள்ளினார். தள்ளத் தள்ள அந்தக் குரல் வாசித்தது: மகிழ்ச்சியான மாணவர்கள். மகிழ்ச்சியான மாணவர்கள். மகிழ்ச்சியான மாணவர்கள்.

“ஏன்டா, உங்க காலேஜ்ல ஒருத்தருக்குக்கூடக் கவலையே கிடையாதா?”

சிரிக்க வாய் திறந்தவருக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. “எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா...”

“எல்லாருக்கும் வருதுன்னு நீதான சொன்ன? அப்ப தப்பு என் விரல்லதான்னு நெனச்சேன். தெனம் காலையில உக்காந்து தள்ளிப் பாப்பேன், நேத்து வராதது இன்னைக்கு வந்துடும்னு.” போனைக் கவிழ்த்து வைத்தார். “கண்ணு போனப்பகூட நான் என்னை மக்குன்னு நெனச்சதில்லடா.”

அந்தப் படிப்புக்கு வயது வரம்பு நாற்பது. அடுத்த சேர்க்கைக்குள் அக்கா அதைத் தாண்டிவிடுவார். வரம்பும் பூப்போட்ட எழுத்தில் படத்துக்குள்தான் இருந்தது.

மறுநாள் இயக்குநர் அறையில் போய் நின்றார்.

“பட்டியல்ல கோளாறு சார். அதனாலதான் எங்க அக்காவால அப்ளிகேஷன் போட முடியல. அவங்களுக்கு ஒரே ஒரு இடம் மட்டும்...”

“கோளாறா? சான்றிதழ்ல கையெழுத்து யாருது?”

“என்னுதுதான் சார்.”

“அப்ப உங்க மேல நீங்களே புகார் குடுக்கறீங்க. இதை எந்த ஃபைல்ல வைக்கறது, சொல்லுங்க.”

“கையெழுத்து பொய்னு எழுதியே தரேன் சார்.”

“உக்காந்து தண்ணி குடிங்க மொதல்ல. ஆண்டறிக்கை அச்சாயிடுச்சு.”

தண்ணீர் குடித்தார். கோப்பு நகரவில்லை. நூறு மதிப்பெண்ணும் அணிதிரண்டு வந்து அக்காவுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டுப் போயிற்று.

அதற்குப் பிறகுதான் அவர் திரையை அணைத்தார். வெளிச்சம் இருந்தால் கண் முந்திக்கொள்கிறது, காது சோம்பேறியாகிவிடுகிறது. படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்துவிட்டு, எல்லா விவரத்தையும் வெறும் எழுத்தாக எழுதி, அந்தக் குரலை வாசிக்கவிட்டுக் கேட்கிறார். பூ எங்கே போயிற்று என்று இயக்குநர் ஆள் அனுப்பினார். காவலாளி பார்த்தது இவர் இப்படி உட்கார்ந்து கேட்பதைத்தான்.

முதலில் திருத்தியது ஒலித்தொகுப்புப் பக்கத்தை. அடுத்த ஞாயிறு அக்காவிடம் கொண்டுபோனார். குரல் தடுமாறாமல் வாசித்தது: படிப்பின் பெயர், காலம், கட்டணம், வயது வரம்பு நாற்பது. அக்கா கடைசிவரை கேட்டார்.

“இப்ப நல்லாப் புரியுது” என்றார்.

தம்பி கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார். “திட்டிடுக்கா. கைல கெடைச்சதை எடுத்து அடிச்சிடு.”

“திட்டத்தான் போறேன். விடுவேன்னு நெனச்சியா?”

“எப்ப?”

“ஆத்திரத்துல திட்டினா நல்லா வராதுடா. பாக்கி இருக்கட்டும். அடுத்த படிப்பப் போடு, கட்டணத்தை எங்க ஒளிச்சு வச்சிருக்கன்னு பாப்போம்.”

ஞாயிறுதோறும் போகிறார். அக்கா கேட்டுக் கேட்டுக் குறை சொல்கிறார், இவர் குறித்துக்கொள்கிறார். பட்டியலில் பாதிக்கு மேல் சரியாகிவிட்டது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் சற்று நின்று பார்க்கிறார். உள்ளிருந்து, “பாத்துப் போடா” என்று மட்டும்தான் வருகிறது. அந்தத் திட்டு இன்னும் வந்தபாடில்லை.