கிணற்றின் மேல் கிடந்த சாலை

வெள்ளானூரில் நாங்கள் வீடு கட்டிய மனை முன்பு வயலாக இருந்தது. மனை போட்டு விற்றவர் அதை மறந்துவிட்டார், களிமண் மறக்கவில்லை. தெருவில் கொட்டும் ஜல்லியை ஒவ்வொரு மழைக்காலமும் அது விழுங்கும். அடுத்த கோடையில் மறுபடி கொட்டுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில், ஜல்லிக்கு முன்னால் கறுப்புச் சுருள்கள் வந்து இறங்கின. களிமண்ணின் மேல் அவற்றைப் பாய் போல விரித்தார்கள். விரல் நுழையும் கட்டங்கள் கொண்ட, முரட்டு பிளாஸ்டிக் வலை. பெயர் ஜியோகிரிட் என்றும், கட்டங்களில் ஜல்லி கவ்விக்கொள்வதால் சேற்றில் இறங்காது என்றும் இன்ஜினியர் விளக்கினார். தெருவுக்கு அது வலைதான்.

"இன்னா மேஸ்திரி, வலை போட்டுகினு கீறே? ரோட்டுல விரால் மாட்டுமா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

மேஸ்திரி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "மழ வரட்டும் நைனா. உன் ஸ்கூட்டர் மாட்டாம இருந்தா போதும்."

என் கவலை வேறு. எங்கள் கொல்லைக் கிணற்றின் சுவர் இடுப்பளவுதான். மகளுக்கு எட்டு வயது. அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அதனாலேயே, என்றைக்காவது பார்ப்பாள் என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

எங்கள் வாசலுக்கு நேரே ஒரு சுருள் முடிந்து அடுத்தது தொடங்கியது. முந்தியதன் மேல் பிந்தியது ஒரு கஜம் ஏறிக் கிடந்தது.

"அது வீணாத்தானே கிடக்கு? வெட்டிக் குடுங்க மேஸ்திரி, கிணத்து மேல கட்டிக்கிறேன்."

"வீண் இல்லம்மா. ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும்னு சொல்லிக்கீறாங்க."

"ரெண்டும் தொட்டுக்கிட்டு இருந்தா போதாதா? குழந்தை இருக்கிற வீடு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வெட்டிக் கொடுத்தார்.

மகளின் பள்ளிச் சீருடையை நான்தான் தைப்பேன். உள்ளே துணி விடாமல் தைத்த தையல்காரரிடம் ஒருமுறை, "இழுத்தா பிரிஞ்சுடாதா?" என்று சண்டை போட்டு ரவிக்கையைத் திருப்பிக் கொடுத்தவள் நான். அன்று அது ஞாபகத்துக்கு வரவில்லை. கிணற்றை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஐப்பசி மழையைத் தெரு முழுவதும் தாங்கி நின்றது. எங்கள் வாசலில் மட்டும், தண்ணீர் லாரி ஒன்று போன பிறகு, குறுக்கே தையல் பிரிந்தது போல வாய் பிளந்தது. மறுநாள் காலை பள்ளி ரிக்‌ஷாவின் சக்கரம் அதில் இறங்கியது. மற்ற பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். என் மகள் எனக்குக் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

தாடையில் மூன்று தையல். ஆவடி ஆஸ்பத்திரியில் அவள் தலையைப் பிடித்துக்கொண்டது நான். அந்த ஊசி இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

கணவர் கொதித்துப்போய் 'தரமற்ற வேலை' என்று ஒரு மனு எழுதினார். என் கையெழுத்து அழகானது என்பதால் நகலெடுக்கும் வேலை எனக்கு வந்தது. முதல் கையொப்பமும் என்னுடையதே.

பள்ளத்தைத் தோண்டிச் சரிசெய்ய அதே மேஸ்திரி வந்தார். கால் கழுவக் கொல்லைக்கு வந்தவர் கிணற்று மூடியைப் பார்த்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

"இதை எடுத்துக்குங்க" என்றேன்.

"அது கெடக்கட்டும்மா, துண்டாக்கினது இனி ரோட்டுக்கு ஆவாது. பாப்பா எப்டி கீது?" என்றவர், வாசலுக்குப் போய்ப் புதுச் சுருளைப் பிரித்தார். "இந்தவாட்டி இன்னும் ரெண்டு சாண் சேத்து ஏத்திப் போட்டுர்றேன். ஊட்ல கிணறு ஒண்ணுதான கீது?"

ஒன்றுதான் என்றேன். ஜல்லி கொட்டி ரோலர் ஓடி முடியும்வரை அங்கேயே நின்றேன்.

மறுநாள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த இடத்தைக் கடந்தேன். ரிக்‌ஷா தெருமுனையில் காத்திருந்தது.

"எறக்கி விடும்மா, எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றாள், கட்டுப்போட்ட தாடையை அசைக்காமல்.

சாலை அசையவில்லை. நான்தான் அவளை இறக்கிவிடவில்லை.