சிவப்பு வரிகளை அடக்கிய பிறகு

யுத்தம் முடிந்த கையோடு, மீள்குடியேறிய குடும்பங்களைப் பற்றிய ஒரு கணக்கெடுப்பில் எனக்கு மட்டக்களப்பு டவுனில் வேலை கிடைத்தது. வாவிப் பக்கம் ஜன்னல் வைத்த சின்ன அறை. ஒரு மேசையில் நான். மற்றதில் காத்தான்குடியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு முஸ்லிம் அக்கா. ராத்தா என்று கூப்பிடுவேன். கிராமங்களிலிருந்து வரும் விபரங்களை அவர் கணினியில் பதிவார். நான் அவற்றைப் புள்ளிவிபரத்துக்கென்றே இருக்கும் ஒரு நிரல்மொழியில் போட்டு அட்டவணையாக்குவேன்.

அந்த மொழி வெறுங்கையோடு பெரிதாக எதுவும் செய்யாது. யார் யாரோ எழுதிவைத்த கட்டளைத் தொகுப்புகளை, பொதிகள் என்போம், முதலில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏறும்போதே ஒவ்வொன்றும் வாயைத் திறக்கும். நான் இன்ன பதிப்பு, என்னோடு இன்னாரும் வருகிறார், உன்னிடமுள்ள ஒரு கட்டளையின் பெயரிலேயே என்னிடமும் ஒன்று உண்டு, இனி என்னுடையதுதான் செல்லும். யாரும் கேட்காத கதை. அவ்வளவும் திரையில் சிவப்பு எழுத்தில் வரும்.

முதல் நாள் அதைக் கண்ட ராத்தா பாய்ந்து போய்ச் சுவர் சுவிட்சை நிறுத்திவிட்டு, என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்.

“எழும்பு புள்ள, கெதியா வா!”

அவரைக் குறை சொல்ல ஏலாது. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் எல்லோரும் அப்படித்தான். ‘கடல் வருகுது’ என்று ஒரு குரல் கேட்டால் சோற்றுக்கையோடு ஓடுவோம். மூச்சு வாங்க நின்ற பிறகுதான் யார் சொன்னது என்று கேட்போம். வெளியே நின்று, அது ஆபத்தில்லை, பொதிகள் வந்துவிட்டதாகச் சொல்கின்றன, அவ்வளவுதான் என்று விளங்கப்படுத்தினேன். அவர் என் கையை விடவில்லை. அம்மாவையும் தங்கச்சியையும் கடல் கொண்டுபோன பிறகு என்னைக் காப்பாற்றவென்று ஒருவர் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். அழுகை வந்தது. சிரித்துச் சமாளித்தேன்.

அதன் பிறகு அது எங்கள் தினசரி விளையாட்டாகிவிட்டது. சிவப்பு வந்ததும் ராத்தா தலையை நிமிர்த்தாமலே கேட்பார்.

“மறுகாவும் சிவப்பா புள்ள? பிழையா?”

“பிழையில்ல ராத்தா. வந்திட்டன் எண்டு சொல்லுது.”

“சரியான வாய்க்காரப் பொட்டிதான்.”

கல்லடியில் நான் வாடகைக்கு இருந்த அறையில் பேச ஆளில்லை. சில நாட்களில் நான் வாய் திறந்து பேசியதே இவ்வளவுதான். காலையில் கதவைப் பூட்டும்போதே அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுவேன்.

கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றதும் எங்கள் பொறுப்பாளருக்குப் பதற்றம். சிவப்பைக் கண்டால் கணக்கே பிழையென்று நினைப்பார்களாம். “அது வரப்படாது” என்றார். அதற்கு வழி இருந்தது. பொதியை ஏற்றும் கட்டளையை இன்னொரு கட்டளைக்குள் அடக்கிவிட்டால் சத்தமில்லாமல் ஏறும். செய்து காட்டினேன். திரை வெள்ளையாகக் கிடந்தது.

ராத்தா எட்டிப் பார்த்தார். “உண்மையான பிழை வந்தா?”

“அது வரும் ராத்தா. இது சும்மா கதைய மட்டுந்தான் நிப்பாட்டும்.”

“சும்மா கதைய நிப்பாட்டினா மறுகா என்ன இரிக்கி?” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

வந்தவர்களுக்குத் திருப்தி. அந்த அடக்கும் கட்டளை அப்படியே தங்கிவிட்டது; ராத்தாவின் கேள்வியும் நின்றது. திட்டமும் முடியும் கட்டத்துக்கு வந்தது. ராத்தாவைக் கணவர் கட்டாருக்குக் கூப்பிட்டுக்கொண்டார். கடைசி நாள் என் கையைப் பிடித்து, “வாறன் புள்ள” என்றார். கொஞ்சக் காலம் அங்கிருந்து போன் எடுத்துப் பேசினார். பிறகு அதுவும் குறைந்து நின்றுபோனது.

மீதி அறிக்கைக்காக என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். காலையில் போவேன், ஜன்னலைத் திறப்பேன், பொதிகளை ஏற்றுவேன். ஒன்றும் பேசாமல் ஏறும். அந்த வெள்ளைத் திரையைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது. தனிமை என்னைத் தின்றது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒருநாள் வந்ததும் வராததுமாக அந்த அடக்கும் கட்டளையை அழித்தேன். பொதிகளைத் திரும்ப ஏற்றினேன். சிவப்பு வரிகள் திமுதிமுவென்று வந்து நின்றன. பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“பிழையில்ல ராத்தா” என்றேன். “வந்திட்டன் எண்டு சொல்லுது.”

சத்தமாகவே சொன்னேன். பதிலுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, பிறகு வேலையைத் தொடங்கினேன்.