நாற்பத்தொரு மைல் வானொலி

ஆர்வோ நியெமெலா நான்கு செவ்வாய்க்கிழமைகள் நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு வந்து, நாளிதழைப் புரட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். ஐந்தாவது செவ்வாய்க்கிழமைதான் சட்டைப்பையிலிருந்து அந்தப் பொருளை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"வேற வேலை இல்லேன்னா பாரு. இருந்தா விட்டுடு. அவசரம் ஒண்ணுமில்ல."

எங்கள் ஊரில் ஒருவர் அவசரமில்லை என்று சொன்னால், அவர் வீடு பற்றி எரிகிறதா என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது நல்லது.

தீப்பெட்டி அளவில் ஒரு பழைய எம்.பி.3 பிளேயர். மூலையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. உள்ளே பேட்டரி உப்பி, பின்பக்க மூடி சற்றே வாய் திறந்திருந்தது. முழுக்க சார்ஜ் ஏற்றினாலும் பன்னிரண்டு நிமிடம்தான் ஓடுகிறது என்றார். அது சாவதற்குள் அதில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும். அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

டுலூத் நகரத்துக்கு வடக்கே எண்பது மைலில் இருக்கிறது எங்கள் ஊர். ஆர்வோ இருபத்தாறு வருடமாக எங்கள் மாவட்டத்தின் பனி தள்ளும் லாரியை ஓட்டுகிறார். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி, ஏரி அணைவரை நாற்பத்தொரு மைல். அவர் முகத்தை அறியாதவர்களுக்கும் அவர் வண்டியின் மஞ்சள் விளக்கு தெரியும். லாரி ஒதுக்கிய பனி தனியாக இருக்கும் யாராவது ஒரு கிழவியின் வாசலை அடைத்துக்கொண்டால், வண்டியை நிறுத்தி, இறங்கி, மண்வெட்டியால் அள்ளிப் போட்டுவிட்டு, அவள் கதவைத் திறப்பதற்குள் ஏறிப் போய்விடுவார். நன்றி சொல்ல யாருக்கும் அவர் இடம் கொடுத்ததில்லை.

கேபிளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தபோது மீதியைச் சொன்னார். என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்து, துண்டு துண்டாக.

எட்டு வருடத்துக்கு முன், ஓர் இலையுதிர் காலத்தில், அவர் மனைவி அரிசோனாவுக்குப் போய்விட்டாள். பதினான்கு வயது மகள் கைசா அந்த ஒரு குளிர்காலம் மட்டும் அப்பாவோடு இருந்தாள். அவர் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அதனால் அவருக்காக ஒரு வானொலி செய்தாள். பனி விழுவதற்கு முன் ஒருநாள் கடிகாரமும் நோட்டுமாக அவரோடு அந்தப் பாதை முழுக்கப் போய்வந்து, எந்த இடம் எந்த நிமிடத்தில் வரும் என்று குறித்துக்கொண்டாள். பிறகு இடையிடையே பாட்டுப் போட்டு, தன் குரலில் அறிவிப்பு செய்து, பத்தொன்பது நிகழ்ச்சிகள் பதிவு செய்து இந்தச் சின்னப் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தாள். ஆனால் அவள் கணக்குப் போட்டது காய்ந்த சாலைக்கு. பனியில் லாரி மெதுவாகத்தான் போகும். அவர் பெட்ரோல் பங்கைத் தாண்டுவதற்குள் அவள் அறிவிப்பில் பாலத்துக்குப் போயிருப்பாள்.

"எப்பவும் எனக்கு முன்னாடியே போயிட்டிருப்பா" என்றார்.

மே மாதம் பள்ளி முடிந்ததும் கைசா அரிசோனாவின் டூசானுக்கு, அம்மாவிடம் போனாள். அங்கேயே தங்கிவிட்டாள்.

அவர் கொண்டுவந்த கேபிள் பெட்ரோல் பங்கில் வாங்கியது. அதில் மின்சாரம் மட்டும்தான் போகும், தகவல் போகாது. நூலகத் தலைவி லோர்னாவின் கேமரா கேபிளை வாங்கிச் செருகினேன். கம்ப்யூட்டர் ஒரு சத்தம் எழுப்பிவிட்டு, அடையாளம் தெரியாத கருவி என்றது. பின்பக்கத் துளையில் செருகினேன். பக்கத்துக் கம்ப்யூட்டரில் செருகினேன். பிளேயரின் பொத்தானை இருபது நொடி அழுத்திப் பிடித்து அணைத்துப் போட்டேன். அதே பதில்தான்.

இந்த வகைப் பிளேயர்களில் கம்ப்யூட்டரோடு சேர இரண்டு முறைகள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். மாற்றலாம் என்று அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், திரை முழுக்கக் கொரிய எழுத்து.

"என்ன இது?" என்றேன்.

"அது அப்படித்தான்."

டூசானுக்குக் கிளம்புவதற்கு முன் கைசா விளையாட்டாக மாற்றிவைத்தது. கோடையில் வரும்போது அவளே திருப்பிவிடுவாள் என்று இருந்தாராம். அவள் வரவில்லை. இவர் கேட்கவில்லை. கீழே இரண்டு தரம், வலப்பக்கம் ஒரு தரம், நடுவில் ஒரு தரம் என்று அழுத்தல்களை எண்ணியே ஏழரை வருடம் கேட்டிருக்கிறார்.

கேட்டிருக்கலாமே என்றேன். ஓடிக்கொண்டுதானே இருந்தது, எதற்குத் தொந்தரவு என்றார்.

"இந்த ஊர் ஆம்பளைங்க மூழ்கிட்டிருந்தாலும் கையைத் தூக்க மாட்டாங்க" என்றாள் லோர்னா, புத்தகங்களை அடுக்கிக்கொண்டே. "தண்ணி கலங்கிடுமாம்."

இணையத்தில் கையேடு கிடைத்தது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்றில் ஆறாவது வரி இணைப்பு முறை. மற்றொன்றில் ஆறாவது வரியை அழுத்தினால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துபோகும். கையிலிருப்பது எந்த வகை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை; திரையின் பொடி எழுத்தை என் போனின் மொழிபெயர்ப்பும் படிக்கவில்லை. இதைச் சொன்னதும் ஆர்வோ பிளேயரை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டார். போகட்டும் என்று எழுந்து கோட்டை மாட்டினார்.

லோர்னா மேசைத் தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

ஒரு கையுறையைப் போட்டுக்கொண்டு மற்றொன்றைப் பிடித்தபடி அவர் நெடுநேரம் நின்றார். பிறகு போட்டதைக் கழற்றினார். எண்ணை எங்கேயும் பார்க்காமல் அழுத்தினார். எனக்கும் கேட்க வேண்டும் என்று லோர்னா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அப்பா? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. சின்ன விஷயம். வேலையா இருந்தா வச்சுடு."

கைசா டூசானில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். சாப்பாட்டு நேரம்தான், சொல் என்றாள். சொன்னார். இப்போது அதில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, பாட்டு என்றார்.

அவள் சிரித்தாள். "இன்னும் கொரியன்லயா இருக்கு? ஏம்பா சொல்லல?"

"ஓடிட்டுத்தான் இருந்தது."

சிரிப்பு நின்றது.

"நீ போன் பண்ணித் திட்டுவேன்னுதான் மாத்தினேன்" என்றாள். "ரெண்டு வாரம் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

ஆர்வோ மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கையில் இருந்த பிளேயரை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

நிகழ்ச்சிகளை ஏற்றியபோது பழகிய வரிசை கைசாவுக்கு இன்னும் நினைவிருந்தது; எனக்கு வழி சொன்னாள். கீழிருந்து மூன்றாவது வரி, அதற்கு மேலே இருப்பதைத் தொட்டுவிட வேண்டாம், அது எல்லாவற்றையும் அழித்துவிடும். மூன்றாவது வரிக்குள் போய், இரண்டில் கீழே இருப்பதைத் தேர்ந்தெடுத்தேன். கேபிளைச் செருகினேன். திரையில் ஒரு பெட்டி திறந்தது. பத்தொன்பது கோப்புகள், வரிசையாக. எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். சரியாக வந்திருக்கிறதா என்று முதல் கோப்பை மட்டும் திறந்தேன்.

சளி பிடித்த ஒரு சிறுமியின் குரல் கேட்டது. "நாற்பத்தொரு மைல் வானொலி. ஓட்டுநர் அவர்களே, இப்போ ஹால்வர்சன் வீடு வருது. போன வருஷம் மாதிரி தபால் பெட்டியை இடிச்சுடாதீங்க. அந்தம்மா இன்னும் என்னைத்தான் முறைக்குது."

நிறுத்தப் போனேன். ஆர்வோ என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு முழுப் பாட்டு ஓடி முடிந்தது.

"பாட்டுன்னு சொன்னே" என்றாள் கைசா.

"பாட்டும் இருக்கு."

தனக்கும் ஒரு நகல் அனுப்பச் சொன்னாள். ஒரு நிமிட வேலை அது. நான் வாயைத் திறந்தேன். ஆர்வோ என்னைப் பார்த்து வேண்டாமென்று தலையை அசைத்தார்.

"அனுப்ப மாட்டேன்" என்றார். "நீ வந்து வாங்கிக்கோ."

லோர்னாவின் கையில் புத்தகம் அப்படியே நின்றது. அங்கே டூசானில் யாரோ கைசாவைக் கூப்பிட்டார்கள். அவள் உடனே போகவில்லை.

"மார்ச்ல லீவு கிடைக்குமான்னு பார்க்கிறேன்ப்பா."

"பனி இருக்கும்போதே வா" என்றார் ஆர்வோ.